குட்டி போட்ட வீட்டுக்கு என்ன பொம்மை: துணியா, ரப்பரா, கயிறா, வெறும் அட்டைப்பெட்டியா?

நாய் குட்டி போட்டு மூணு வாரம் ஆகி குட்டிங்க தத்தித் தத்தி நடக்க ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் வர்ற ஆசை, ஒரு கூடை பொம்மை வாங்கிட்டு வந்து கொட்டணும்ங்கிறதுதான். ஆசை தப்பில்ல, ஆனா ஒத்தைக் குட்டிக்கு பொம்மை பாக்குறதும் ஒரே ஈத்துல பொறந்த அஞ்சாறு குட்டிங்களுக்கு சேத்துப் பாக்குறதும் ஒண்ணு கெடையாதுங்க. ஒத்தைக் குட்டி என்ன பண்ணுதுன்னு கண்ணு முன்னாடியே தெரியும். கூட்டமா இருக்கும்போது ஒண்ணு இந்த முனைய இழுக்கும் இன்னொண்ணு அந்த முனைய இழுக்கும் மூணாவது நடுவுல படுத்துக்கிட்டு கடிச்சுக்கிட்டே இருக்கும், எந்தத் துண்டு யாரு வாய்க்குள்ள போச்சுன்னு உங்களால சொல்லவே முடியாது. அதனால கடையில நின்னு "இது உடையாம இருக்குமா"ன்னு கேக்குறதுல பிரயோஜனம் கம்மி, கொஞ்சம் நாள்ல எல்லாமே உடையும். உடைஞ்சா என்ன கழண்டு வரும், அது வயித்துக்குள்ள போனா என்ன ஆகும், இதைத்தான் கேக்கணும். நான் ஒவ்வொரு சாமானையும் இந்தக் கேள்விய வச்சுத்தான் பாக்குறேன்.

அதுக்கு முன்னாடி வயசு. பொறந்த குட்டிக்கு கண்ணும் தெரியாது காதும் கேக்காது, கிட்டத்தட்ட 10லேருந்து 14 நாளுக்குள்ள கண்ணு திறக்கும், காது அதுக்கு கொஞ்சம் பின்னாடி. உடம்புச் சூட்டைக்கூட அதுங்களால தானா காப்பாத்திக்க முடியாது, பால் குடிக்கிறதும் தூங்குறதும்தான் வேலை. அந்த ரெண்டு வாரத்துக்கு பெட்டிக்குள்ள தாயும், சூடும், வழுக்காத விரிப்பும் போதும், பொம்மைன்னு எதுவுமே வேண்டாம். பெரிய பஞ்சு பொம்மைய உள்ள போட்டா குட்டி அதுக்கு அடியில போய் சிக்கிக்கிட்டு வெளிய வரத் தெரியாம கெடக்கும், தாய்க்கும் தெரியாது, அது அப்படியே மேல படுத்துட்டா குட்டி போயிடும்.

மூணாவது வாரத்துல பால் பல்லு முளைக்க ஆரம்பிக்குது, ஆறுலேருந்து எட்டு வாரத்துக்குள்ள மொத்தம் 28 பல்லும் வந்துடும். ஊசி மாதிரி கூர்மை, ஆனா தாடையில பலம் இருக்காது. இதை நல்லா மனசுல வச்சுக்கங்க, ஏன்னா நாலு வாரக் குட்டி நூலை உருவும், கிழிக்கத் தெரியாது, ஏழு வாரக் குட்டி அதே சாமானை ஒரு மத்தியானத்துல ரெண்டாப் பிளந்துடும். போன வாரம் பத்திரமா இருந்த பொம்மை இந்த வாரம் பத்திரமா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஈத்துல எது தடியா பலமா இருக்கோ அந்தக் குட்டிய வச்சுத்தான் முடிவு பண்ணணும், சாதுவா மூலையில படுத்திருக்கிறத வச்சு இல்ல.

இப்போ துணியிலேருந்து வர்றேன், ஏன்னா நாலு வாரக் குட்டிங்க கடிக்கிறதுக்கு என்னோட முதல் சாய்ஸ் இதுதான். பழைய காட்டன் டி-ஷர்ட்டை நீளவாக்குல கிழிச்சு மூணு பிரி எடுத்து ஜடை மாதிரி பின்னி ரெண்டு முனையிலும் இறுக்கி முடிச்சு போட்டா முடிஞ்சுது. கம்பளி மாதிரி மெத்துனு இருக்கிற ஃப்ளீஸ் துணியா இருந்தா இன்னும் நல்லது. எல்லாத் துணியும் ஒரே மாதிரி இல்லங்க. டி-ஷர்ட், ஃப்ளீஸ் மாதிரி பின்னல் துணிய வெட்டினா ஓரம் சுருண்டுக்கும், நீள நூலா பிரியாது. வேட்டி, சட்டைத்துணி, பழைய பெட்ஷீட் மாதிரி தறியில நெய்ஞ்ச துணிக்கு வெட்டின ஓரத்துலேருந்து நூல் ஒண்ணொண்ணா உருவிக்கிட்டு வரும், அந்த நூல்தான் ஆபத்து. துவாலைய எல்லாரும் போடுவாங்க, ஆனா அதுல இருக்கிற குட்டிக் குட்டி வளையத்துல நகம் மாட்டும், இழுக்க இழுக்க நூல் வரும். கொஞ்ச நேரம் ஈரமாக்கி ஜில்லுனு கொடுத்து ஈறு குறுகுறுப்புக்கு கடிக்க விட்டு எடுத்துடலாம், உள்ளயே விட்டுட்டுப் போற சாமான் அது இல்ல. ஜடைய வட்டமா வளையமா மட்டும் முடியாதீங்க, தலை உள்ள போயிட்டு இன்னொரு குட்டி மறுபக்கம் இழுத்தா கழுத்துல இறுகிடும். நீளத்தையும் ஒரு சாண், ஒண்ணரை சாணுக்கு மேல விடவேண்டாம். சாக்ஸ் கொடுக்குறதும் எனக்குப் பிடிக்கல, பெரிய இனக் குட்டி முழுசாவே முழுங்கிடும், அதோட வளர்ந்த பிறகு வீட்டுல இருக்கிற எல்லா சாக்ஸும் தன்னோடதுன்னு நினைக்கும்.

துணியில இன்னொரு லாபம், தாயோட வாசனை அதுல ஊறும். வேற எந்தப் பொம்மைக்கும் இது வராது. நஷ்டம் என்னன்னா மூத்திரமும் சேந்து ஊறும், தினமும் துவைச்சே ஆகணும், அதனால ரெண்டு செட்டு வச்சுக்கங்க.

கயிறு பொம்மை பாக்குறதுக்கு இந்த ஜடை மாதிரியேதான் இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற. கடையில விக்கிற பருத்திக் கயிறு நூத்துக்கணக்கான மெல்லிசு இழைய முறுக்கி செஞ்சது, குட்டியோட ஊசிப் பல்லுக்கு அந்த இழை சுலபமா சிக்கும். ஒரு இழை உள்ள போய் ஒரு முனை நாக்குக்கு அடியிலயோ வயித்துலயோ மாட்டிக்கிச்சுன்னா மறுமுனை குடலுக்குள்ள போயிக்கிட்டே இருக்கும், குடல் அதைத் தள்ளப் பாக்கும், தள்ளத் தள்ள குடல் நாடா கோத்த பாவாடை மாதிரி சுருங்கி மடிஞ்சு, இறுகின நூல் குடல் சுவரையே அறுத்துடும். கல்லு முழுங்கினதை விட நூல் முழுங்கினதுக்கு டாக்டருங்க அதிகம் பயப்படுறதுக்கு காரணம் இதுதான், ஆபரேஷன் இல்லாம தப்பிக்கிறது கஷ்டம், அதுவும் ஒண்ணரை கிலோ கூட இல்லாத குட்டிக்கு ஆபரேஷன்னா யோசிச்சுப் பாருங்க. எட்டு வாரத்துக்குள்ள கயிறு பொம்மையே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். யாராவது அன்பா கொடுத்துட்டாங்கன்னா நீங்க ஒரு முனைய கையில பிடிச்சு விளையாடிட்டு திரும்ப அலமாரியில வச்சுடுங்க.

பஞ்சு அடைச்ச பொம்மைக்கு வருவோம். கண்ணு, மூக்கு, பட்டன், ரிப்பன், வால், இது எல்லாமே கழண்டு வர்ற சமாச்சாரம். உள்ள பாலியஸ்டர் பஞ்சு, சிலதுல தெர்மோகோல் மணி, அமுக்கினா கீச்சுனு கத்துறதுக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை, அந்த வில்லை சரியா குட்டி தொண்டையில அடைக்கிற சைஸ். பாட்டு பாடுற பொம்மைன்னா இன்னும் மோசம், அதுல பட்டன் பேட்டரி இருக்கும், அது தொண்டையில தங்கினா கொஞ்ச நேரத்துலயே சதைய அரிச்சு ஓட்டை போட்டுடும், அப்படிப்பட்டதை வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. பசங்களோட பழைய பொம்மைய நாய்க்குக் கொடுக்குறவங்க நிறைய பேரு, ஆனா குழந்தை அதை கட்டிப்பிடிக்கும், குட்டி கிழிக்கும், ரெண்டும் ஒண்ணா? பஞ்சே இல்லாம தட்டையா ஃப்ளீஸ் துணியில தைச்ச பொம்மை கிடைச்சா அது ஓகே, தையல் விட்டா அன்னிக்கே தூக்கிப் போட்டுடணும்.

ஒரே ஒரு இடத்துல பஞ்சு பொம்மைக்கு நான் ஓட்டு போடுவேன். ஈத்துல ஒத்தைக் குட்டி மட்டும் பொறந்திருந்தா, இல்ல தாய் இல்லாம நீங்க பாட்டில்ல பால் கொடுத்து வளக்குறதா இருந்தா, அதுக்கு ஒட்டிப் படுக்க உடம்பு ஒண்ணு வேணும். கண்ணு மூக்கு எதுவும் ஒட்டாத, முடி நீளமா இல்லாத, குட்டி மேல கவிழ்ந்து அமுக்காத அளவுக்கு லேசான ஒண்ணு வைக்கலாம். பல்லு நல்லா வந்ததும் எடுத்துடுங்க.

கீச்சுச் சத்தம் பத்தியும் ஒரு வார்த்தை. காது புதுசா கேக்க ஆரம்பிச்ச குட்டிக்கு முகத்துக்கு நேரா கீச்சுன்னா பயம்தான் வரும், தூரத்துல மெதுவா அமுக்கிக் காட்டி அதுவா வந்து மோந்து பாக்குற வரைக்கும் விடுங்க. அஞ்சு வாரத்துக்கு மேல பெரும்பாலான குட்டிங்க ஓடி வரும். உங்க கையில இருக்கிற வரைக்கும் அது நல்ல பொம்மை.

ரப்பர் பொம்மைதான் ஆறாவது வாரத்துலேருந்து உண்மையான முதலீடு. நகத்தால அழுத்திப் பாருங்க, பள்ளம் விழுந்து திரும்ப எழும்பணும், அதுதான் குட்டிக்கான ரப்பர். நகம் இறங்கவே இல்லன்னா பால் பல்லுக்கு அது கல்லுதான். காங்னு ஒரு ரப்பர் பொம்மை ரொம்பப் பேமஸ், அது பொறந்த கதையே இந்த விஷயம்தான், ஜோ மார்க்கம்ங்கிறவரோட ஜெர்மன் ஷெப்பர்டு ஃப்ரிட்ஸ் கல்லைக் கடிச்சுக் கடிச்சு பல்லைக் கெடுத்துக்கிட்டிருந்துச்சாம், அவரு ஃபோக்ஸ்வேகன் வேனை ரிப்பேர் பாக்கும்போது கழட்டின ஒரு ரப்பர் பார்ட்டைப் போட்டதும் நாய் கல்லை விட்டுட்டு அதைப் பிடிச்சுக்கிச்சு. பல்லுக்கு விட்டுக்கொடுக்குற பொருளா இருக்கணும்ங்கிறது அப்பவே தெரிஞ்சிருக்கு. அந்த மாதிரி பொம்மைங்கள்ல குட்டிக்குன்னு தனியா மெத்துனு ஒரு வகை உண்டு, பெரிய நாய்க்கு செஞ்சதை எடுத்துட்டு வந்துடாதீங்க.

ரப்பர்ல ரெண்டு விஷயம் பலபேர் கவனிக்கிறதில்ல. ஒண்ணு, உள்ள காலியா இருக்கிற பொம்மைக்கு ஓட்டை ஒண்ணே ஒண்ணுதான்னா வாங்காதீங்க. நாக்கை உள்ள விட்டு நக்கும்போது காத்து வெளிய போய் உறிஞ்சுற மாதிரி பிடிச்சுக்கும், நாக்கு வீங்கும், வீங்கினா இன்னும் வராது, நாக்கையே இழந்த நாய்ங்க உண்டு. காத்து போக ரெண்டாவது ஓட்டை இருக்கணும். இன்னொண்ணு, வளையம் மாதிரி பொம்மையில குட்டியோட கீழ் தாடை உள்ள போய் கோரைப்பல்லுக்குப் பின்னாடி மாட்டிக்கும், அதனால ஓட்டை ஒண்ணு தாடை நுழைய முடியாத அளவுக்கு சின்னதா இருக்கணும், இல்ல தலையே தாராளமா போய் வர்ற அளவுக்கு பெருசா இருக்கணும், நடுத்தரம்தான் மாட்டும்.

பளபளன்னு கலர் கலரா வர்ற மலிவு வினைல் பொம்மைங்களையும் ரப்பர்னுதான் சொல்லி விப்பாங்க. மூக்குகிட்ட கொண்டு போய் பாருங்க, கெமிக்கல் நாத்தம் அடிச்சா விட்டுடுங்க, வினைல்ங்கிறது பிவிசி பிளாஸ்டிக்தான், அதை மெத்துனு ஆக்குறதுக்கு தாலேட்னு ஒரு வகை ரசாயனம் சேப்பாங்க, அது நாள்பட கசியக்கூடியது. குழந்தை பொம்மைக்கு இருக்கிற மாதிரி கட்டாய பாதுகாப்பு விதி நாய் பொம்மைக்கு பல நாடுகள்ல கிடையவே கிடையாது, பெட்டி மேல பாதுகாப்பானதுன்னு போட்டிருக்கிறத வச்சு மட்டும் நம்பாம உங்க மூக்கையும் நகத்தையும் நம்புங்க. கலர் பத்தி சிரமப்படவேண்டாம், நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நல்லாத் தெரியும், சிவப்பெல்லாம் மங்கலான பழுப்பு மாதிரிதான் தெரியும்.

பந்துல பெரிசா யோசிக்க ஒண்ணுமில்ல, சைஸ் மட்டும்தான். ஈத்துலயே பெரிய வாய் இருக்கிற குட்டி முழுசா வாய்க்குள்ள அடக்க முடியாத பந்தா இருக்கணும், குட்டி வாராவாரம் வளருது, அதனால வாராவாரம் திரும்பப் பாக்கணும். டென்னிஸ் பால் சின்ன இனக் குட்டிக்கு தொண்டை அடைக்காது, ஆனா அந்த மேல்துணி உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும், துணியும் உரிஞ்சு உரிஞ்சு வரும். கோலிக்குண்டு, ஸ்மைலி பால் சைஸ் ரப்பர் பந்தெல்லாம் அந்த ரூம்லயே இருக்கக் கூடாது.

கொம்பு, குளம்பு, எலும்பு, கெட்டி நைலான், தோல்ல செஞ்ச எலும்பு, இந்த லிஸ்ட்டுல எதையும் குட்டிக்கு வேண்டாம். பால் பல்லு மெல்லிசு, உடைஞ்சா உள்ள இருக்கிற நரம்பும் ரத்தமும் வெளிய தெரியும், கிருமி போய் அடியில வளர்ந்துக்கிட்டிருக்கிற நிலைப்பல்லையும் கெடுத்துடும். விழப் போற பல்லுதானேன்னு விட்டுடக் கூடாது. தோல் எலும்பு ஊறிப் போய் வழவழன்னு ஆகி தொண்டையில போய் அடைக்கும்.

கடைசியா காசே இல்லாத சாமான், என் கணக்குல நாலுலேருந்து எட்டு வாரத்துக்கு இதுதான் எல்லாத்தையும் விட மேல. அட்டைப்பெட்டி. பின், டேப், ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் எல்லாத்தையும் உரிச்சு எடுத்துட்டு ரெண்டு பக்கம் வாசல் வெட்டி வச்சா போதும், நுழையும், ஏறும், கவுக்கும், கிழிக்கும். கிழிச்ச துண்டு வாயில ஊறி கூழாயிடும், பெரும்பாலும் துப்பிடும், கொஞ்சம் உள்ள போனாலும் நூல் மாதிரி இழுத்துக் கட்டாது. உடைஞ்சா என்ன கழண்டு வரும்னு முதல்ல நான் சொன்ன கேள்விக்கு இதை விட நல்ல பதில் சொல்ற பொம்மை கடையில கம்மி. திங்கவே ஆரம்பிச்சுட்ட குட்டி ஏதாவது இருந்தா மட்டும் பெட்டிய எடுத்துடுங்க. காலி பிளாஸ்டிக் பாட்டிலும் குட்டிங்களுக்கு உயிர், மூடி, கழுத்துல இருக்கிற வளையம், லேபிள் மூணையும் எடுத்துட்டு உருட்டி விட்டா சடசடன்னு சத்தம் கேட்டு கூட்டமே பின்னாடி ஓடும், ஆனா விரிசல் விட்ட உடனே ஓரம் பிளேடு மாதிரி ஆயிடும், அதனால பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும். அப்புறம் தரை. ஒரு மூலையில மிதியடி, ஒரு மூலையில ரப்பர் ஷீட்டு, லேசா ஆடுற தாழ்வான பலகை ஒண்ணு, கவுத்து வச்ச பாத்திரம். மூணு வாரத்துலேருந்து 12, 14 வாரம் வரைக்கும்தான் குட்டிங்க புதுசா பாக்குறது எதையும் பயமில்லாம ஏத்துக்குற காலம், அந்த நேரத்துல கால்ல விதவிதமா படுறதும் காதுல விதவிதமா கேக்குறதும் பின்னாடி பயந்தாங்கொள்ளியா ஆகாம இருக்க ரொம்ப உதவும். கடிக்கிற பொம்மை அதுல ஒரு பங்குதான்.

எண்ணிக்கை எப்பவும் குட்டிங்க எண்ணிக்கைய விட அதிகமா இருக்கட்டும், அதுவும் பிடிச்ச பொம்மை ஒண்ணே ஒண்ணு இருந்தா சண்டைதான், ஒரே மாதிரி ரெண்டு மூணு வைங்க. உறுமிக்கிட்டு ஒண்ணு மட்டும் பொத்தி வச்சுக்குதுன்னா பிடுங்காதீங்க, வேற ஒண்ணைக் காட்டி மாத்தி எடுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டாம பாதிய உள்ள வச்சுட்டு மாத்தி மாத்திப் போட்டா பழசும் புதுசாத் தெரியும். சேந்து விளையாடும்போது கழுத்துப்பட்டை, கலர் ரிப்பன் எதுவும் வேண்டாம், இன்னொரு குட்டியோட தாடை அதுல மாட்டினா ரெண்டும் சேந்து முறுக்கிக்கும்.

ராத்திரி நீங்க தூங்கும்போது உள்ள எது இருக்கலாம்னு கேட்டா, நாலஞ்சு வாரத்துல துணி ஜடை மட்டும், ஆறுக்கு மேல விரிசல் இல்லாத ரெண்டு மூணு ரப்பர். மத்த எல்லாம் தனி கூடையில, நீங்க உக்காந்திருக்கும்போது மட்டும் வெளிய வரட்டும். காலையில எண்ணிப் பாத்து கொடுக்கணும், எண்ணிப் பாத்து எடுக்கணும், ஒண்ணு கிழிஞ்சிருந்தா துண்டுகளை சேத்து வச்சு முழுசா இருக்கான்னு பாக்கணும்.

கழுவுறதைப் பத்தி அலட்சியமா இருந்துடாதீங்க. குட்டிங்களுக்கு வாந்தியும் ரத்த வயித்துப்போக்கும் வர வைக்கிற பார்வோ வைரஸ் பொம்மையிலயும் தரையிலயும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், சோப்புத் தண்ணிக்கெல்லாம் அது சாகாது. ரப்பரை முதல்ல சோப்பு போட்டு அழுக்கு போகத் தேய்ச்சுட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் ஊற வச்சு, வாசனை போற வரைக்கும் அலசி, வெயில்ல காய வைங்க. வேற வீட்டு நாய் விளையாடின பொம்மைய இரவல் வாங்கவே வாங்காதீங்க, தடுப்பூசி முழுசா முடியாத குட்டிங்களுக்கு அது பெரிய ரிஸ்க்.

இவ்வளவு பாத்தும் ஒண்ணு எதையோ முழுங்கிடுச்சுன்னா: திரும்பத் திரும்ப வாந்தி, பால் வேண்டாங்கிறது, வயித்தைத் தொட்டா கத்துறது, முக்கி முக்கி ஒண்ணும் வராம இருக்கிறது, சுருண்டு படுத்துக்கிறது, இதுல எது தெரிஞ்சாலும் நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க, குட்டிக்கு உடம்புல தண்ணி சத்து மணிக்கணக்குல வத்திடும். வாயிலயோ ஆசனவாயிலயோ நூல் தொங்குச்சுன்னா இழுக்கவே கூடாது, உள்ள குடல் அறுபடும். நீங்களா வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மிச்சம் இருக்கிற பொம்மைத் துண்டைக் கையோட எடுத்துட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க, என்ன உள்ள போச்சுன்னு அவருக்கு அதுதான் சொல்லும்.

எட்டு வாரம் முடிஞ்சு குட்டிங்க வேற வீட்டுக்குப் போகும்போது தாய் வாசனை ஊறின ஜடை ஒண்ணு துவைக்காம கூட அனுப்புங்க, முதல் ரெண்டு மூணு ராத்திரி அழுகை கொறையும். வாங்கிட்டுப் போறவங்ககிட்ட இதையும் சொல்லி அனுப்புங்க: நாலு மாசம் வாக்குல பால் பல்லு விழுந்து 42 நிலைப்பல்லு வர ஆரம்பிக்கும், தாடை பலமும் கூடும், அப்போ இந்த மெத்து ரப்பர் தாங்காது, குட்டியோட வாய் சைஸைப் பாத்து திரும்ப முதல்லேருந்து தேர்ந்தெடுக்கணும்.